டிஸ்ப்ளே போன போனிலிருந்து ஆச்சியின் குரலை எடுத்த விதம்

அம்மாவின் பழைய போனிலிருந்து கடைசிக் கோப்புறையும் நேற்று ராத்திரி லேப்டாப்புக்கு வந்து சேர்ந்துவிட்டது. திரை முழுக்கக் கறுப்பு. டச் எந்த மூலையிலும் வேலை செய்யவில்லை. அந்த நிலையிலேயே, டிஸ்ப்ளே மாற்றாமல், உள்ளே இருந்த படங்கள், வீடியோக்கள், வாட்ஸ்அப் குரல் பதிவுகள் எல்லாவற்றையும் எடுக்க முடிந்தது. புதிதாகச் செலவழித்தது, போனில் கீபோர்டு, பென்டிரைவ் போன்றவற்றைச் சொருக உதவும் ஓடிஜி அடாப்டருக்கான 120 ரூபாய் மட்டும். மற்றதெல்லாம் வீட்டில் இருந்தவை, இல்லையென்றால் இரவல். செய்த வரிசை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன். வேலைக்கு ஆகாத வழிகளையும் சேர்த்தே எழுதுகிறேன், அவற்றில் நேரம் போவதாவது மற்றவர்களுக்கு மிச்சமாகட்டும்.

போன் 2019ல் வாங்கியது. ஆண்ட்ராய்டு 10, எல்சிடி திரை, சி டைப் போர்ட். பூட்டு நாலு இலக்கப் பின் நம்பர். பின்பக்கம் கைரேகை சென்சார் உண்டு, ஆனால் அம்மா அதில் விரலைப் பதிந்ததே இல்லை. போனின் மொழி தமிழ். புறவாசலில் துவைக்கிற கல்லின் மேல் விழுந்திருக்கிறது. கண்ணாடியில் ஒரு மூலையில்தான் சின்ன விரிசல், ஆனால் அதோடு படம் போய்விட்டது.

ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் காட்டினேன். "காம்போ மாத்தணும் அண்ணாச்சி, 2,400 ஆகும். டேட்டாவுக்கு நாங்க பொறுப்பு இல்ல, பார்மட் ஆனாலும் ஆயிரும்" என்றார் அங்கிருந்த தம்பி. காம்போ என்றால் திரையும் டச்சும் ஒட்டி ஒன்றாக வருகிற பாகம். அதை மாற்றுவதால் டேட்டா அழியாது. படங்கள் இருப்பது போர்டில் உள்ள மெமரி சிப்பில். கடைக்காரர்கள் ஒரு பாதுகாப்புக்காக அப்படிச் சொல்லி வைக்கிறார்கள், அதுவும் நியாயம்தான். ஆனால் இந்தப் போனில் அந்த 'ஆயிரும்' என்ற வார்த்தைக்கே இடம் கொடுக்க எனக்கு மனசில்லை. ஆச்சி இப்போது இல்லை. ஆச்சிக்கு எழுதத் தெரியாது. அதனால் அம்மாவுக்குச் சொல்ல நினைத்ததெல்லாம் வாட்ஸ்அப்பில் குரலாகத்தான் வந்தது. குழம்புக்குப் புளி எவ்வளவு என்பதிலிருந்து யார் வீட்டில் என்ன விசேஷம் என்பது வரை எல்லாம் அந்தப் போனுக்குள்ளேதான் இருந்தது. வேறெங்கும் பிரதி இல்லை.

போனுக்கு உயிர் இருக்கிறதா

முதலில் பார்க்க வேண்டியது இது. இன்னொரு போனிலிருந்து அழைத்தேன், மணி அடித்தது. பவர் பட்டனை நீளமாக அழுத்தினால் லேசான அதிர்வு. ஆக, போர்டும் பேட்டரியும் நன்றாகவே இருக்கின்றன, கண் மட்டும்தான் போயிருக்கிறது. எல்சிடி திரையாக இருந்தால் இன்னொரு சோதனையும் செய்யலாம். அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் திரையின் மேல் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகவாவது எழுத்தோ படமோ தெரிந்தால் பின்னால் இருக்கும் விளக்கு மட்டும் போயிருக்கிறது என்று அர்த்தம். டார்ச் வெளிச்சத்திலேயே வேலையை முடித்துவிடலாம். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

இந்தக் கட்டத்தில் போனை அணைக்கக் கூடாது, சார்ஜ் தீரவும் விடக் கூடாது. அணைத்துப் போட்டால் மறுபடி பின் நம்பரைச் சரியாகப் போடும் வரை உள்ளே இருக்கும் கோப்புகள் குறியாக்கத்தில் பூட்டியே கிடக்கும். கைரேகை பதிந்தவர்களுக்கு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் அணைத்துப் போட்ட போன் முதல் தடவை கைரேகையை ஏற்காது. அணைக்காவிட்டாலும், கடைசியாகப் பின் நம்பர் போட்டு 72 மணி நேரம் ஆகிவிட்டால் மறுபடி அதைத்தான் கேட்கும். கைரேகை பதிந்த போன் என்றால் விழுந்த அன்றைக்கே வேலையைத் தொடங்கிவிடுவது நல்லது.

சுலபமான கதவுகள்

சிம் டிரேயைக் குத்தி எடுத்தேன். உள்ளே மெமரி கார்டு இருந்தது. ரீடரில் போட்டுப் பார்த்தால் எப்போதோ ஏற்றிய பாட்டுகளும் பழைய கல்யாணப் படங்கள் கொஞ்சமும்தான். கேமரா உள் நினைவகத்தில்தான் சேமித்திருக்கிறது. வாட்ஸ்அப் எப்போதுமே உள் நினைவகத்தில்தான் சேமிக்கும். உங்கள் போனில் கார்டை 'உள் சேமிப்பகமாக' அமைத்திருந்தால் அதை வெளியே எடுத்துப் பயனில்லை, அந்தப் போன் மட்டுமே படிக்கும்படி அது குறியாக்கம் ஆகியிருக்கும்.

அடுத்து, லேப்டாப்பில் அம்மாவின் கூகுள் கணக்கைத் திறந்தேன். தொடர்பு எண்கள் ஒன்று விடாமல் இருந்தன. அந்தக் கவலை அங்கேயே தீர்ந்தது. படங்கள் மட்டும் ஒரு தேதியோடு நின்றுபோயிருந்தன. 2021 ஜூன் 1க்கு முன்னால் கூகுள் போட்டோஸில் தரம் கொஞ்சம் குறைத்து எத்தனை படம் வேண்டுமானாலும் இலவசமாக ஏற்றலாம். அதற்குப் பிறகு ஏற்றுகிற ஒவ்வொரு படமும் 15 ஜிபி கணக்கில் சேரும். அம்மாவின் கணக்கு நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. நிரம்பிய நாளிலிருந்து எதுவும் ஏறவில்லை. வாட்ஸ்அப் பேக்கப்பும் இப்போது அதே 15 ஜிபிக்குள்தான் அடங்க வேண்டும் என்பதால் அதுவும் நின்றிருந்தது. வீட்டில் பெரியவர்கள் வைத்திருக்கும் போன்களில் இதை இப்போதே ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். 'இடமில்லை' என்று வருகிற அறிவிப்பைத் தள்ளிவிட்டுப் போவதுதான் அவர்கள் வழக்கம்.

அப்புறம் கேபிள். லேப்டாப்பில் சொருகியதும் போனின் பெயர் வந்தது. திறந்தால் காலி. பூட்டியிருக்கும் ஆண்ட்ராய்டு போன் கேபிள் வழியாகச் சார்ஜ் மட்டும்தான் வாங்கும். பூட்டைத் திறந்து, அறிவிப்பில் 'கோப்புப் பரிமாற்றம்' என்பதைத் தேர்ந்தால்தான் கோப்புறைகள் தெரியும். இரண்டையும் கண் இல்லாமல் செய்ய வேண்டும், மொத்தச் சிக்கலும் இவ்வளவுதான்.

எச்டிஎம்ஐ வழியும் அடைபட்டது

நண்பரிடம் சி டைப்பிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் அடாப்டர் இருந்தது. டிவியில் படம் வந்துவிட்டால் மவுஸ் வைத்தே எல்லாம் முடியும் என்று வாங்கி வந்தேன். டிவியில் 'சிக்னல் இல்லை' என்பதற்கு மேல் எதுவும் வரவில்லை. காரணத்தை அப்புறம் தேடிப் பார்த்தேன். சி டைப் என்பது சொருகும் வாயின் வடிவம்தான். அதன் வழியே படத்தை வெளியே அனுப்ப டிஸ்ப்ளேபோர்ட் ஆல்டர்நேட் மோடு என்ற வசதி போனுக்குள் இருக்க வேண்டும். 2017ல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்8 மாதிரியான விலை உயர்ந்த போன்களில் அது உண்டு. நம் வீடுகளில் புழங்கும் பத்துப் பதினைந்தாயிரம் ரூபாய்ப் போன்களில் பெரும்பாலும் கிடையாது, அவற்றின் போர்ட் யூஎஸ்பி 2.0. ஆகவே இதற்கென்று அடாப்டர் விலைக்கு வாங்குவதற்கு முன் உங்கள் மாடலின் விவரக் குறிப்பில் 'டிஸ்ப்ளே அவுட்' இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கீபோர்டும் காதும்

இங்கேதான் கதவு திறந்தது. 120 ரூபாய் ஓடிஜி அடாப்டரைப் போனில் சொருகி, கம்ப்யூட்டரின் சாதாரண வயர் கீபோர்டை அதில் மாட்டினேன். கீபோர்டுக்கான மின்சாரம் போனிலிருந்துதான் போகிறது, அதனால் முதலில் முழுச் சார்ஜ் ஏற்றிக்கொள்ள வேண்டும். வண்ண விளக்கு எரிகிற கீபோர்டு வேண்டாம், அது வீணாக இழுக்கும்.

போன் கீபோர்டை ஏற்றுக்கொண்டதா என்பதைத் திரை இல்லாமல் எப்படித் தெரிந்துகொள்வது? கேப்ஸ் லாக்கை அழுத்துங்கள். அதன் விளக்கு எரிந்து, மறுபடி அழுத்தினால் அணைகிறது என்றால் ஆண்ட்ராய்டு உள்ளே விழித்திருந்து கீபோர்டின் பேச்சைக் கேட்கிறது. அந்தச் சின்னப் பச்சை விளக்கு எரிந்தபோதுதான் இது நடக்கும் என்று எனக்கு நம்பிக்கை வந்தது. சில பிராண்டுகளில் ஓடிஜியை அமைப்புகளில் போய் இயக்கியிருந்தால்தான் இதெல்லாம் நடக்கும். அம்மாவின் போனில் அந்தத் தடை இல்லை.

அடுத்தது டாக்பேக். பார்வையற்றவர்களுக்காக ஆண்ட்ராய்டிலேயே இருக்கிற திரை வாசிப்பான் இது. வால்யூம் பட்டன் இரண்டையும் சேர்த்து மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால் ஓடத் தொடங்கும். முதல் முறை என்றால் உடனே தொடங்காது, எச்சரிக்கை ஒன்று வரும். கையை எடுத்துவிட்டு மறுபடி அதே போல மூன்று விநாடி பிடிக்க வேண்டும். பிடித்தேன். போன் பேசியது, தமிழில். மேசையைச் சுற்றி நின்றுகொண்டிருந்த எல்லோருக்கும் ஒரு விநாடி பேச்சு வரவில்லை.

டாக்பேக் முதல் தடவை தொடங்கும்போது தன்னை எப்படிப் பயன்படுத்துவது என்று ஒரு பாடத்தை ஆரம்பிக்கும். எஸ்கேப் கீயை அழுத்தினால் அதிலிருந்து வெளியே வந்துவிடலாம்.

பின் நம்பர் போடுவதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். முதலில் என்டர் ஒருமுறை, திரை விழிப்பதற்கு. ஒரு விநாடி பொறுத்து மறுபடி என்டர், பின் நம்பர் கேட்கும் பக்கம் வருவதற்கு. டாக்பேக் அதைச் சொல்லும். சொன்ன பிறகு நாலு எண்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் சின்ன இடைவெளி விட்டு, கடைசியில் என்டர். வேகமாக அடித்தால் திரையை விழிக்கச் செய்த அழுத்தமே முதல் எண்ணை விழுங்கிவிடுகிறது. ஐந்து தடவை தப்பாகப் போனால் 30 விநாடி காக்க வைக்கும். அந்த நேரத்தில் அடிக்கிற எதுவும் போய்ச் சேராது, பதறாமல் இருந்தால் போதும். பூட்டு படக் கோலமாக இருந்தால் கீபோர்டை வைத்து அதைப் போட முடியாது. அதற்கு மவுஸ் வேண்டும், ஆனால் அம்பு எங்கே நிற்கிறது என்று தெரியாமல் ஒன்பது புள்ளிகளுக்கு நடுவே கோடு இழுப்பது மிகக் கடினம். அம்மா எண்ணையே வைத்திருந்தது பெரிய உதவி.

திறந்துவிட்டது. இதன் பிறகு அம்புக்குறி கீகளும் டேப் கீயும்தான் விரல்கள், என்டர்தான் தொடுகை, எஸ்கேப்தான் பின்னால் போகிற பட்டன். அம்புக்குறி ஒவ்வொரு ஐகானாக நகர நகர டாக்பேக் பெயரைச் சொல்லிக்கொண்டே போகும். 'அமைப்புகள்' என்று கேட்டதும் என்டர்.

உள்ளே போய் முதலில் செய்த வேலை திரை அணையும் நேரத்தைக் கூட்டியது. அது 30 விநாடியில் இருந்தது. கேட்டுக் கேட்டு நகர்கிறவர்களுக்கு 30 விநாடி போதாது, பாதி வழியில் பூட்டிக்கொள்ளும். பட்டியலில் இருந்ததிலேயே நீளமான நேரத்தை வைத்தேன். பின் நம்பரையே எடுத்துவிடலாமே என்று தோன்றும். நான் எடுக்கவில்லை. திரைப் பூட்டை நீக்கினால் அதை நம்பிப் பாதுகாப்புச் சாவி வைத்திருக்கும் செயலிகளுக்கு அந்தச் சாவி செல்லாமல் போய்விடும். நேரத்தைக் கூட்டினாலே வேலை நடக்கும்போது அந்த வம்பு எதற்கு.

பிறகு 'போன் பற்றி' என்கிற பகுதிக்குப் போய், பில்டு எண்ணின் மேல் நின்று என்டரை ஏழு முறை அழுத்தினேன். பின் நம்பர் கேட்டது, போட்டேன். வழக்கமாக மறைந்திருக்கும் டெவலப்பர் விருப்பங்கள் என்ற அமைப்புகள் திறந்தன. அது நீளமான பட்டியல். காதால் கேட்டுக் கடக்கும்போது இன்னும் நீளம். அதில் எனக்கு வேண்டியவை மூன்று. சார்ஜில் இருக்கும்போது திரை தூங்காமல் இருக்கும் அமைப்பு, யூஎஸ்பியின் இயல்பான அமைப்பைக் கோப்புப் பரிமாற்றமாக மாற்றுவது, கேபிள் வழியாகக் கம்ப்யூட்டர் போனுக்குக் கட்டளை கொடுக்க விடுகிற யூஎஸ்பி டீபக்கிங். மூன்றில் இரண்டாவதுதான் உயிர்நாடி. அதை மாற்றிவிட்டால், பூட்டுத் திறந்திருக்கும் போனைக் கம்ப்யூட்டரில் சொருகியதுமே எதையும் தேர்ந்தெடுக்காமல் கோப்புறைகள் தெரியும்.

கீபோர்டை உருவிவிட்டு உடனே லேப்டாப் கேபிளைச் சொருகினேன். இதுவரை காலியாக வந்த ஜன்னலில் கோப்புறைகள் வரிசையாக இறங்கின.

நகல் எடுத்தது

படங்களும் வீடியோக்களுமாக 23 ஜிபி. மொத்தக் கோப்புறையையும் ஒரே இழுப்பில் இழுத்துப் போட்டால் விண்டோஸ் பாதியில் நின்றுவிடுகிறது, எதுவரை வந்தது என்றும் தெரிவதில்லை. சில நூறு கோப்புகளாகப் பிரித்து எடுத்தபோது சிக்கல் இல்லாமல் வந்தது. அவசரப்படாமல், ஒவ்வொரு கட்டமும் முடிந்தபின் இரண்டு பக்கமும் கோப்பு எண்ணிக்கையை ஒப்பிட்டுக்கொண்டேன்.

வாட்ஸ்அப் கோப்புறை ஆண்ட்ராய்டு 10ல் உள் நினைவகத்தின் முதல் நிலையிலேயே இருக்கும். ஆண்ட்ராய்டு 11 முதல் 'ஆண்ட்ராய்டு' கோப்புறைக்குள் 'மீடியா' என்பதன் கீழே தேட வேண்டும். அதற்குள் குரல் பதிவுகளுக்குத் தனிக் கோப்புறை உண்டு. உள்ளே 202214 மாதிரி எண்களைப் பெயராகக் கொண்ட சின்னச் சின்னக் கோப்புறைகள். வருடமும் வார எண்ணும் சேர்ந்தது அது. 202214 என்றால் 2022ன் 14வது வாரம். கோப்பின் பெயரிலும் தேதி இருக்கும், 20220405 என்று. நகல் எடுக்கும்போது கோப்பின் தேதி மாறிப்போனாலும் பெயரில் உள்ள தேதி மாறாது, அதனால் பெயரை மாற்றாமல் வைத்துக்கொள்வது நல்லது. கோப்புகள் ஓபஸ் வடிவில் இருக்கும், விஎல்சி பிளேயரில் பாடும். குரலுக்கென்றே இறுக்கிச் சுருக்கியவை என்பதால் ஒவ்வொன்றும் மிகச் சிறியது. அத்தனை வருடப் பேச்சும் ஒரு சினிமாப் படத்தின் அளவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

ஆனால் ஒரு குறை. கோப்பின் பெயரில் தேதி உண்டு, யார் பேசியது என்பது கிடையாது. சித்தி, மாமா, பால்காரர், சங்கத்துப் பெண்கள், ஆச்சி எல்லோரும் ஒரே கோப்புறையில் கலந்து கிடந்தார்கள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டுப் பிரிக்கத் தயாராகத்தான் இருந்தாள். அப்படிப் பிரிக்க மாதக்கணக்கில் ஆகும். அரட்டைக்குள்ளேயே போய் ஆச்சியுடையதை மட்டும் எடுக்க வேண்டுமென்றால் வாட்ஸ்அப்பைக் கண்ணால் பார்த்தாக வேண்டும்.

போனின் திரை லேப்டாப்பில்

ஸ்க்ரீன்காப்பி என்ற இலவச, திறமூல மென்பொருள் இருக்கிறது. தேடும்போது எஸ், சி, ஆர், சி, பி, ஒய் என்ற ஆறு எழுத்துகளைத்தான் அடிக்க வேண்டும். ஜெனிமொபைல் நிறுவனம் 2018ல் வெளியிட்டது. ஆண்ட்ராய்டு போனின் திரையைக் கேபிள் வழியாக லேப்டாப்பில் காட்டும், லேப்டாப்பின் மவுஸும் கீபோர்டும் போனுக்கு வேலை செய்யும். போனில் எதையும் நிறுவ வேண்டியதில்லை, யூஎஸ்பி டீபக்கிங் மட்டும் இயக்கத்தில் இருக்க வேண்டும். அதைத்தான் ஏற்கனவே இயக்கி வைத்திருந்தேன்.

கேபிளைச் சொருகினேன். அனுமதி இல்லை என்றது லேப்டாப். அதே நேரம் போனிலிருந்து டாக்பேக், இந்தக் கம்ப்யூட்டரை அனுமதிக்கலாமா என்று கேட்கிறது. 'அனுமதி' பட்டனை அழுத்த வேண்டும். அழுத்துவதற்கான கீபோர்டு மேசையில் கிடக்கிறது. போனில் இருப்பது ஒரே ஓட்டை, அதில் இப்போது லேப்டாப் கேபிள். கீபோர்டைச் சொருகினால் லேப்டாப் போய்விடும், லேப்டாப் போனால் கேள்வியும் போய்விடும். இந்த இடத்தில் நன்றாகவே மாட்டிக்கொண்டேன்.

விடை அதே மென்பொருளில் இருந்தது. அதற்கு ஓடிஜி முறை என்று ஒன்று உண்டு. டீபக்கிங் அனுமதி இல்லாமலே, லேப்டாப் தன்னைப் போனிடம் ஒரு கீபோர்டாகவும் மவுஸாகவும் காட்டிக்கொள்ளும். திரை தெரியாது, ஆனால் அதே கேபிளில் தட்டலாம். நான் உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் செய்தேன். அதன் களஞ்சியத்திலிருந்து நிறுவியபோது அப்படி ஒரு விருப்பமே இல்லை என்று வந்தது. அங்கே இருந்தது பழைய பதிப்பு, ஓடிஜி முறை அதற்குப் பிறகுதான் சேர்ந்தது. அந்த மென்பொருள் வெளியாகும் கிட்ஹப் தளத்திலிருந்து புதிய பதிப்பை இறக்கியதும் சரியாகிவிட்டது. விண்டோஸிலும் இது நடக்கும். ஆனால் டீபக்கிங்குக்காக லேப்டாப்பில் ஓடுகிற ஏடிபி என்ற நிரல் பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தால் அதுவே யூஎஸ்பியைப் பிடித்துக்கொள்ளும், முதலில் அதை நிறுத்த வேண்டும்.

சின்ன ஜன்னல் ஒன்று திறந்தது. டேப் தட்டினேன், போன் பேசியது. 'இந்தக் கம்ப்யூட்டரை எப்போதும் அனுமதி' என்ற பெட்டி, அதில் ஸ்பேஸ். மறுபடி டேப், 'அனுமதி', என்டர். ஓடிஜி ஜன்னலை மூடிவிட்டு மென்பொருளைச் சாதாரணமாக ஓட்டினேன். அம்மா முகப்பில் வைத்திருந்த முருகன் படம் லேப்டாப்பில் பளிச்சென்று வந்தது, மேலே படிக்காத குறுஞ்செய்திகளின் வரிசையோடு. டாக்பேக்கை அணைத்தேன்.

இதற்குமேல் எல்லாம் சாதாரண வேலை. வாட்ஸ்அப்பில் ஆச்சியின் அரட்டையைத் திறந்து, மீடியாவுடன் ஏற்றுமதி செய்து என் மின்னஞ்சலுக்கு அனுப்பினேன். மீடியாவுடன் என்றால் கடைசி 10,000 செய்திகள் வரை போகும், ஜிமெயில் இணைப்பு 25 எம்பி வரை. ஆச்சி படம் எதுவும் அனுப்பியதில்லை, குரல் மட்டும்தான் என்பதால் இரண்டு வரம்புக்குள்ளும் அடங்கிவிட்டது. கூடவே வருகிற உரைக் கோப்பில் எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எந்தக் கோப்பு என்று எல்லாம் இருக்கிறது. அதைப் பார்த்து, ஏற்கனவே எடுத்த பெரிய குவியலிலும் ஆச்சியின் பதிவுகளைத் தனியாகப் பிரித்துக்கொண்டேன்.

மற்ற அரட்டைகள் புதுப் போனுக்குப் போனது வாட்ஸ்அப்பின் சொந்த வசதி மூலம். அமைப்புகளில் அரட்டைகள், அதில் அரட்டைப் பரிமாற்றம். புதுப் போனில் தெரியும் கியூஆர் குறியைப் பழைய போனின் கேமராவால் ஸ்கேன் செய்ய வேண்டும். திரை போன போனுக்கு கேமரா நன்றாகவே இருந்தது. லேப்டாப்பில் பார்த்துக்கொண்டே பழைய போனைப் புதுப் போனுக்கு மேல் பிடித்தேன், குறி பிடித்துக்கொண்டது. கூகுள் டிரைவில் இடம் தேவைப்படவே இல்லை.

வங்கிச் செயலியைத் திறந்தால் லேப்டாப்பில் கறுப்பாகத்தான் தெரியும். அது கோளாறு இல்லை, திரையை நகலெடுக்க அந்தச் செயலிகள் விடாது. யுபிஐயை எடுத்துப் போகவும் முடியாது. சிம்மைப் புதுப் போனில் போட்டுப் புதிதாகப் பதிவு செய்வதுதான் வழி.

எல்லாம் வந்துசேர்ந்ததை இரண்டு இடத்தில் வைத்துச் சரிபார்த்த பிறகு, பழைய போனிலிருந்து கூகுள் கணக்கை நீக்கிவிட்டு முழுதாக அழித்தேன். இந்த வரிசை முக்கியம். கணக்கை நீக்காமல், பட்டன்களை அழுத்தித் திறக்கிற ரிகவரி பக்கம் வழியாக அழித்தால், ஆண்ட்ராய்டு 5.1லிருந்து இருக்கும் பாதுகாப்பு, அடுத்து யார் எடுத்தாலும் பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும்.

அடுத்த தடவை என்றால்

காம்போ கிடைக்கிற மாடலாக இருந்தால் முதலில் கடைக்காரரிடம் வேறு மாதிரி கேட்பேன். புது டிஸ்ப்ளேயை ஒட்ட வேண்டாம், பின்பக்கத்தைத் திறந்து கனெக்டரில் மட்டும் சும்மா மாட்டிக் காட்டுங்கள், பூட்டைத் திறந்து கோப்புப் பரிமாற்றத்தை மட்டும் நான் அமைத்துக்கொள்கிறேன், அதற்குக் கூலி தருகிறேன் என்று. ஒட்டுவதற்கு முன் மாட்டிப் பார்ப்பது அவர்கள் தினமும் செய்வதுதான். பின்பக்கம் கண்ணாடியாக இருக்கிற, தண்ணீர் புகாத போன்களில் திறப்பதே பெரிய வேலை என்பதால் அங்கே இது பொருந்தாது.

கீபோர்டு வழியில் போவதென்றால், பவர் உள்ளே வாங்குகிற ஓடிஜி ஹப் ஒன்று தேடுவேன். கீபோர்டு, பென்டிரைவ், சார்ஜர் மூன்றும் ஒரே நேரத்தில் இருந்தால் போனின் கோப்பு மேலாளரிலேயே நகலெடுத்துவிடலாம். கேபிள் மாற்றுகிற பதற்றம் இருக்காது.

டீபக்கிங்கை முன்கூட்டியே எல்லாப் போனிலும் இயக்கி வைக்கலாமே என்று தம்பி கேட்டான். என் போனில் மட்டும் வைத்திருக்கிறேன், என் லேப்டாப்புக்கு மட்டும் அனுமதியோடு. அப்பா, அம்மா போன்களில் வேண்டாம் என்பது என் எண்ணம். வெளியிடங்களில் யார் யாரோ கேபிளில் சொருகுகிறவர்கள் அவர்கள், வருகிற கேள்விக்கெல்லாம் 'சரி' என்று தட்டிவிடுவார்கள். அதற்குப் பதிலாக இருவர் போனிலும் இரண்டிரண்டு விரல் பதிந்தேன், வால்யூம் பட்டன் குறுக்குவழி இயங்குகிறதா என்று ஒருமுறை அழுத்திப் பார்த்தேன், மாதக் கடைசியில் பென்டிரைவுக்கு நகல் எடுப்பதை என் வேலையாக வைத்துக்கொண்டேன்.

அப்பாவின் போனில் கீபோர்டை மாட்டி ஒத்திகை பார்த்தபோது கேப்ஸ் லாக் விளக்கு எரியவில்லை. தேடினால், அதில் ஓடிஜிக்கு அமைப்புகளில் தனி ஸ்விட்ச், போட்டாலும் பயன்படுத்தாவிட்டால் பத்து நிமிடத்தில் தானாக அணைந்துவிடுகிறது. அந்த மாதிரிப் போனுக்குக் கீபோர்டு வழி கிடையாது. லேப்டாப்பிலிருந்து ஓடிஜி முறையில் நேராகத் தட்டிப் பார்த்தேன், அது வேலை செய்தது. அந்தக் கட்டளையையும், எந்தக் கேபிள் என்பதையும் ஒரு தாளில் எழுதி லேப்டாப் பையில் போட்டிருக்கிறேன்.